நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் தவளைக் குட்டை: வலை போட்டால் போதுமா?

6 ஏப்ரல் 2024 (கிருஷ்ணகிரி வாசகி ஒருவரின் கேள்வி)

வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடியில் குட்டை வெட்டி ஷீட் விரித்து வைத்திருக்கிறோம். ஆழம் இரண்டடி. போன ஐப்பசி மழைக்குத் தவளை வந்தது, தட்டான் வந்தது. தவிட்டுக்குருவிக் கூட்டம் தினமும் வந்து குளிக்கிறது. பாப்பாவுக்கு ஒரு வயது நாலு மாதம், நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாமியார் மண்ணைப் போட்டு மூடச் சொல்கிறார். வீட்டுக்காரர் நைலான் வலை கட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

7 ஏப்ரல் 2024

வலை போதாது. இப்போதைக்கு உங்கள் மாமியார் சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் எங்கள் கொல்லை. அங்கே கிணற்றடித் தொட்டி ஒன்று உண்டு. ஏழடிக்கு ஐந்தடி, இரண்டடி ஆழம், மாமனார் காலத்துக் கட்டு. மோட்டார் தண்ணீர் அதில் விழுந்து வாய்க்காலுக்குப் போகும். சொட்டு நீர் போட்ட பிறகு தொட்டிக்கு வேலை இல்லாமல் போனது. நான்தான் அடியில் மண் போட்டு அல்லிக் கிழங்கு வைத்துத் தவளைக்கு விட்டேன். போன வருடம் பேரன் நடக்க ஆரம்பித்ததும் நானும் முதலில் வாங்கியது வலைதான். பழ மரத்துக்குப் பறவை வராமல் போடுவார்களே, அந்த வலை. நாலு பக்கமும் செங்கல் வைத்து இறுக்கிக் கட்டினேன். கட்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. பத்து கிலோ அரிசிப் பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நடுவில் வைத்துப் பார்த்தேன். வலை தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது, பை பாதிக்கு மேல் தண்ணீருக்குள். பேரன் அப்போது பத்தரை கிலோ.

வலையில் விழுந்த பிள்ளை கையை ஊன்றி எழ முடியாது. ஊன்றுகிற இடமெல்லாம் கீழே இறங்கும், விரல் கண்ணியில் மாட்டும். வெறும் தண்ணீரைவிட அது மோசம் என்றுகூடத் தோன்றுகிறது.

அங்கன்வாடியில் எனக்கு இருபது வருடம் ஆகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு உடம்பில் கனமான பகுதி தலைதான். எட்டிப் பார்த்தால் தலை முன்னால் போகும், கால் மேலே வரும். கவிழ்ந்த பிறகு நிமிர்வதற்குக் கழுத்திலும் கையிலும் பலம் இருக்காது. நாலு விரல் தண்ணீர் போதும். சத்தமும் வராது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எங்கிருந்து கூப்பிடும்?

7 ஏப்ரல் 2024, ராத்திரி

மேலே எழுதியதில் பாதிதான் சொன்னேன். படுக்கப் போனவள் எழுந்து வந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பிள்ளை தண்ணீரில் தலைகுப்புற விழுந்தது தொட்டியில் அல்ல. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. எருமைக்குக் கழனி ஊற்றும் அரை டிரம், முழங்கால் உயரம். அவள் கால் இரண்டும் ஆகாயத்தில் இருந்ததை அத்தைதான் பார்த்தார். கழனி என்பதால் கண்ணெரிச்சல், இருமல், அவ்வளவோடு போயிற்று. நான் அப்போது பத்தடி தள்ளி அம்மியில் இருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு.

குட்டையை மூடிவிட்டு, குழாய் வராத நாளுக்கென்று ஆறு டிரம்மைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனை! தரைத்தொட்டி மூடி பாதி நகர்ந்து கிடக்கும். பாத்ரூம் வாளி நிறைந்திருக்கும். குட்டையைப் பற்றிக் கேட்டவர் முதலில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தவழும் பிள்ளை பார்க்கிற உயரத்தில் பார்க்க வேண்டும், முட்டி போட்டுக்கூட.

11 ஏப்ரல் 2024

"குழந்தைக்கும் பாதுகாப்பு, தவளைக்கும் வசதி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தவருக்கு.

சரிவு. ஒரே வார்த்தையில் அதுதான். செங்குத்துச் சுவர்தான் எல்லாவற்றுக்கும் எமன். எங்கள் தொட்டியில் முதல் கோடையில் மட்டும் இரண்டு அணில், ஒரு பச்சோந்தி, ஒரு தேரை செத்து மிதந்தன. தேரைக்கு நீந்தத் தெரியும். ஆனால் வழுக்கும் சுவரில் ஏறத் தெரியாது, களைத்துப்போய்ச் சாகும். அப்புறம் ஒரு மூலையில் கருங்கல் துண்டுகளை அடியிலிருந்து விளிம்பு வரை படி மாதிரி அடுக்கினேன். பர்கூர் பக்கம் கல் அறுக்கிற இடங்களில் மிச்சத் துண்டு மலையாகக் கிடக்கும், ஒரு டிராக்டர் நடை கொண்டு வந்தால் போதும். அதற்குப் பிறகு ஒரு பிணமும் இல்லை. தவளை ஏறக்கூடிய இடத்தில் பிள்ளையும் ஏறும். நாலு பக்கமும் சரிவாக வெட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

21 ஏப்ரல் 2024

பத்து நாளுக்கு முன் எழுதியதை நம்பி யாரும் மண்வெட்டியை எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்திருந்தால் நிறுத்துங்கள்.

தேர்தல் வேலை முடிந்து நேற்றுதான் வந்து படித்தேன். ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "சரிவு என்பது வெளியே வரும் வழி என்றால், உள்ளே போகும் வழி எது?"

சரியான கேள்வி. எங்கள் மையத்தின் வாசலில் சாய்தளம் இருக்கிறது, பக்கத்திலேயே மூன்று படியும் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைகளை எந்தப் பக்கம் விட்டாலும் சாய்தளத்துக்குத்தான் ஓடும். ஓட ஆரம்பித்தால் நிற்கத் தெரியாது, கீழே போய்த்தான் நிற்கும். தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சரி, திருத்திச் சொல்கிறேன். சரிவு என்பது விழுந்தது வெளியே வருவதற்கு. அது தவளைக்கு, அணிலுக்கு, ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, வழுக்கி விழுந்த பெரியவருக்கு உதவும். நடக்கப் பழகும் பிள்ளைக்கு உதவாது. அது கவிழ்ந்த இடத்திலேயே கிடக்கும், சரிவு இருப்பதே அதற்குத் தெரியாது. அதற்கு வேண்டியது தண்ணீரைத் தொட முடியாதபடி ஒரு தடுப்பு. படியும் வேண்டும், தடுப்பும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றின் வேலையையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

5 மே 2024

தடுப்பு என்று சொன்னேனே, எங்கள் தொட்டிக்கு அது இரும்புக் கிரில். அதைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஊத்தங்கரை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் போட்டேன். சுற்றிலும் ஆங்கிள் சட்டம், நடுவில் எட்டு எம்எம் கம்பி, மூன்று அங்குலக் கட்டம். எடுத்த எடுப்பில் பட்டறைக்காரர் ஆறு எம்எம் போதும் என்றார். ஐந்தடி அகலத்துக்கு ஆறு எம்எம் தொய்யும். ஏறி நின்று காட்டுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு எட்டு போட்டுக் கொடுத்தார். ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு, அதன்மேல் பெயிண்ட். நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொட்டிக்கு வந்தது.

தொட்டியின் உள்பக்கம், மேல் விளிம்புக்கு நாலு அங்குலம் கீழே ஒரு வரிசை செங்கல் நீட்டி வைத்துக் கட்டி, அதன்மேல் கிரில்லை உட்கார வைத்தோம். விளிம்புக்கு மேலே வைத்தால் பெரிய பிள்ளைகள் நகர்த்திவிடும். உள்ளே பதிந்து உட்கார்ந்தால் நகராது. ஒரு பக்கம் கீல், மறு பக்கம் பூட்டு. தண்ணீர் கிரில்லுக்கு மூன்று அங்குலம் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கிரில்லுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அது கிரில்லே இல்லை, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தரை. இதை மட்டும் மறக்கவே கூடாது.

நான் ஏறி நின்றேன், அறுபத்தெட்டு கிலோ. அத்தை ஏறி நின்றார். பிறகு "இது எதுக்குடி இவ்வளவு செலவு, மண்ணைப் போட்டா முடிஞ்சது" என்றார். உங்கள் மாமியாரும் எங்கள் அத்தையும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பார்கள்.

கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலை போதாதா என்று கேட்டவருக்கு: அரிசிப் பையை வைத்துப் பாருங்கள்.

தட்டானுக்குக் கட்டம் ஒரு பொருட்டே இல்லை. தவளைகள் கட்டத்தின் வழியே ஏறி வந்து கம்பிமேல் உட்கார்கின்றன. கொண்டைக்குருவி கம்பியில் உட்கார்ந்தபடியே குனிந்து குடிக்கிறது. குளிக்கத்தான் முடியவில்லை. அதற்காக மண் சட்டி ஒன்றை இடுப்பு உயரக் கல்மேல் தனியாக வைத்துவிட்டேன். தினமும் கொட்டி மாற்ற வேண்டும்.

6 மே 2024

கம்பி வெயிலில் சுடுமே என்று கேட்டவருக்கு: சுடும். அல்லி இலை நிழல் தண்ணீருக்கு, பந்தல் நிழல் கம்பிக்கு. அவரைக்கொடி ஏற்றியிருக்கிறேன்.

19 மே 2024

கிரில்லைப் பெருமையடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்துக் கொல்லை அண்ணனின் ஆட்டுக்குட்டி கிரில்மேல் ஏறி, முன்கால் கட்டத்துக்குள் இறங்கி மாட்டிக்கொண்டு கத்தியது. கால் ஒடியவில்லை. ஆனால் எனக்கு உடனே பேரன் கால் ஞாபகம் வந்தது. அவன் பாதத்தை அளந்தேன். குறுக்கே இரண்டு அங்குலம்தான். மூன்று அங்குலக் கட்டத்தில் முட்டி வரை போகும்.

ஆக, மேலே இரண்டு அங்குல வெல்ட் மெஷ் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். கனத்தைத் தாங்குவது கம்பி, காலைத் தடுப்பது மெஷ். அதனால் காளைத்தவளைக்கு வழி அடைபட்டுவிட்டது, அது கை அகலம் இருக்கிறது. படி இருக்கும் மூலையில் மட்டும் மெஷ்ஷை வெட்டிவிட்டேன். அங்கே பழைய மூன்று அங்குலக் கட்டம் அப்படியே இருக்கிறது, பக்கவாட்டில் கல்லைச் சாய்த்து வைத்துப் பிள்ளைக் கால் போகாமல் மறைத்திருக்கிறேன்.

ஆட்டுக்குட்டி இப்போது நலம். மறுநாளே திரும்ப ஏறியது.

16 ஜூன் 2024

கொசு. எப்போது வரும் என்று காத்திருந்தேன், மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்தபோது எங்கள் தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு புழு இல்லை. அத்தை முகத்தில் ஏமாற்றம். அப்புறம் வீட்டைச் சுற்றினார்கள். கொட்டாங்குச்சியில் இருந்தது, பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டில் இருந்தது, நான் வல்லாரை வைத்திருந்த தொட்டியின் அடித்தட்டில் இருந்தது. டீச்சர் வீட்டிலேயே இப்படியா என்று கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

டெங்கு கொசுவுக்குப் பிடித்தது சின்னப் பாத்திரங்களில் தேங்கிய தண்ணீர். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். குட்டையில் தட்டானின் குஞ்சு இருக்கிறது, நீர்ப்பூச்சிகள் இருக்கின்றன, அவை கொசுப் புழுவைத் தின்று தீர்க்கும். கொட்டாங்குச்சிக்குள் யார் வந்து தின்பார்கள்? மருந்து ஊற்றட்டுமா என்று கேட்டார்கள். புழு இருக்கும் இடத்தில் ஊற்றுங்கள், தொட்டிக்கு வேண்டாம் என்றேன், ஒப்புக்கொண்டார்கள்.

மீன் விடலாமா? கம்பூசியா வேண்டவே வேண்டாம். 1920களில் கொசுவுக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த மீன் அது. கொசுப் புழுவோடு தலைப்பிரட்டையையும் தவளை முட்டையையும் சேர்த்துக் கொறிக்கும், மழை வெள்ளத்தில் ஓடைக்கும் போய்விடும். தங்கமீனும் முட்டையைத் தின்னும். தவளை வேண்டுமா, மீன் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இவ்வளவு சின்னத் தொட்டியில் இரண்டும் நடக்காது. ஆகாயத்தாமரையையும் கொண்டு வந்து போடாதீர்கள். ஆறே மாதத்தில் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும். மூடிய பச்சையைத் தரை என்று நினைத்துப் பிள்ளை காலை வைக்கும்.

25 ஜூலை 2024

இன்று உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். ஐ.நா. 2021இல் அறிவித்தது. மையத்தில் அம்மாக்கள் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. உலக அளவில் நீரில் மூழ்குவது ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள்தான் அதிகம். தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் தண்ணீரைச் சுற்றித் தடுப்பு ஒன்று, வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளை ஒரு பாதுகாப்பான இடத்தில் விடுவது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, சும்மா சொல்லக்கூடாது.

கூட்டம் முடிந்து ஒரு அம்மா கேட்டார்: "அதான் பெரியவ பாத்துக்கறாளே டீச்சர்?" பெரியவளுக்கு ஆறு வயது.

வேலி பற்றிக் கேட்டிருந்தவருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி கட்டாயம். 1.2 மீட்டர் உயரம், அடியில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கதவு தானாகச் சாத்தித் தானாகத் தாழ் விழ வேண்டும், குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். நம் கிளுவை வேலிக்கு உயரம் தாராளமாக இருக்கும், குருவியும் கூடு கட்டும். ஆனால் அடியில் கோழி போகும், கோழியைத் துரத்திப் பிள்ளையும் போகும். கிளுவைக்கு உள்பக்கம் கம்பி வலை ஒரு வரிசை கட்டினால் பரவாயில்லை. வேலிக்குப் பக்கத்தில் முக்காலி, பூந்தொட்டி, கவிழ்த்த கூடை எதுவும் இருக்கக்கூடாது. பெரிய குட்டைக்கு வேலி, சின்னதுக்குக் கிரில், அவ்வளவுதான் என் கணக்கு.

18 ஆகஸ்ட் 2024

பாம்பு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏனென்றால் மாமியார்கள் குட்டையை மூடச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான், வெளியே பிள்ளை பேரைச் சொல்வார்கள்.

வரும். தவளை இருந்தால் தண்ணீர்ப்பாம்பு வரும். விஷம் இல்லை, ஆனால் பிடித்தால் கடிக்கும். நாகமும் தவளையைத் தேடி வரும், அதை மறைத்துச் சொல்லக்கூடாது. எங்கள் தொட்டியைச் சுற்றி மூன்றடிக்கு வெறும் சல்லி. விறகு அடுக்கு, ஓடு, செங்கல் குவியல் எதுவும் பக்கத்தில் வைப்பதில்லை. ராத்திரி கழிப்பறைக்குப் போகிற பாதை அந்தப் பக்கம் இல்லை. குட்டை வெட்டுபவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பார்க்க வேண்டும்: அடுக்களை ஜன்னலிலிருந்து தெரிய வேண்டும், ராத்திரி நடக்கிற வழியில் இருக்கக்கூடாது. கடித்தால் 108, அரசு ஆஸ்பத்திரி. கீறுவது, கட்டுப்போட்டு இறுக்குவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.

பேரனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது: பார்த்தால் நில், ஆயாவைக் கூப்பிடு. இதில் ஒரு சிக்கல். அவனுக்கு ஆயா என்றால் பாட்டி, நான்தான். ஆனால் மையத்தில் உதவியாளரையும் பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடும். அங்கே அவன் ஆயா என்று கத்தினால் இருவரும் ஓடுகிறோம்.

13 அக்டோபர் 2024

மழை. நாலு நாளாகத் தூக்கம் இல்லை, அவ்வளவு சத்தம். காளைத்தவளைகள் மஞ்சளாக மாறி, தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீலப் பையை ஊதிக்கொண்டு கத்துகின்றன. பேரன் ஜன்னலில் நின்று திருப்பிக் கத்துகிறான்.

மரத்தவளை ஒன்று வெள்ளை நுரைக்கூட்டைக் கிரில் கம்பியிலேயே ஒட்டியிருக்கிறது. சோப்பு நுரை என்று நினைத்து அத்தை துடைக்கப் போனார், ஓடிப்போய்ப் பிடித்தேன். நுரைக்குள் முட்டை இருக்கும். பொரித்ததும் தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். பட்டறைக்காரர் இதற்கெல்லாம் கூலி வாங்கவில்லை.

தேரை முட்டையை அடையாளம் காண்பது சுலபம். கருகமணி கோத்த நூல் மாதிரி நீளமாக, செடியைச் சுற்றிக் கிடக்கும். தவளை முட்டை கொத்தாக இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தேரையைத் தொட்டால் மட்டும் கை கழுவ வேண்டும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் புடைப்பில் விஷப் பால் உண்டு, கண்ணிலோ வாயிலோ பட்டால் எரியும்.

நான் கிரில்லைத் திறப்பது ஞாயிறு காலை மட்டும். பேரன் வயிற்றுப்பட்டையை ஒரு கையில் பிடித்துக்கொள்வேன், அவன் குப்புறப் படுத்துப் பார்ப்பான். அரை மணி நேரம். செல்போனை உள்ளே வைத்துவிட்டுத்தான் வருவேன்.

3 டிசம்பர் 2024

நாங்கள் பத்திரம். கேட்டவர்களுக்காக.

ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரிப் பக்கம், கொட்டியது இங்கே. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். வண்டிகள் அடித்துப் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குச்சிக்கிழங்குக் கொல்லை இடுப்பளவு தண்ணீர்.

நேற்று காலை தொட்டியைப் பார்த்தேன். கிரில் தெரியவில்லை. விளிம்பு வரை தண்ணீர், கிரில்லுக்கு மேல் நாலு அங்குலம், அதன்மேல் இலை மிதக்கிறது. "கிரில்லுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அது தரை" என்று மே மாதம் எழுதியவள் நான்தான். கிரில்லை உள்பக்கம் பதித்ததைப் பெரிய புத்திசாலித்தனமாகச் சொன்னவளும் நான்தான். பேரன் அப்போது திண்ணையில் இருந்தான். முப்பதடி.

8 டிசம்பர் 2024

கரண்ட் வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் மாமனார் கட்டிய தொட்டியில் மேல் விளிம்புக்கு அரையடி கீழே ஒரு மடை இருந்தது. வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் துளை. தவளைக்குத் தண்ணீர் நிற்கட்டும் என்று நான்தான் சிமெண்ட் போட்டு அடைத்தேன். வேலை இல்லாத துளை என்று நினைத்தேன். அது இருந்திருந்தால் எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் கிரில்லைத் தொடும் முன்பே வழிந்திருக்கும்.

நேற்று உடைத்துத் திறந்தோம். மூன்று அங்குல பிவிசி பைப், இரண்டு. ஒன்று போதும்தான், ஆனால் தலைப்பிரட்டை போகாமல் இருக்க வாயில் வலை கட்ட வேண்டும், வலையில் இலை அடைக்கும். ஒன்று அடைத்தால் இன்னொன்று. வழிகிற தண்ணீர் பள்ளத்தில் போய் வாழைக்கும் சேம்புக்கும் விழுகிறது. பள்ளத்தில் தேங்காமல் இருக்கக் கல்லைக் கொட்டி நிரப்பியிருக்கிறேன். இல்லாவிட்டால் இங்கே மூடி அங்கே ஒரு குட்டை திறந்த கதையாகும்.

கிரில் போட்டவர்கள் எல்லோரும் தயவுசெய்து வழியும் துளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீரைக் குட்டைக்கு விட்டிருப்பவர்கள் இரண்டு முறை பாருங்கள்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்குப் பெரியம்மா மகன் ஊருக்குப் போயிருந்தோம், காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பில் பண்ணைக்குட்டை வெட்டி பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறார். வேலி இல்லை. ஓரத்தில் ஒரு கீரிப்பிள்ளை செத்து மிதந்தது. "எப்பவாச்சும் இப்படி விழும்" என்றார்.

கீரி ஏற முடியாத ஷீட்டில் மனிதனாலும் ஏற முடியாது. பாசி பிடித்த ஷீட் எண்ணெய் தடவியது போல இருக்கும், நீச்சல் தெரிந்தவனும் ஏற ஏற வழுக்கி உள்ளேதான் போவான். இப்படிப் பிள்ளைகள் போன செய்தி வருடா வருடம் வருகிறது. கல் குவாரிப் பள்ளங்களும் அப்படித்தான்.

அன்றைக்கே செய்தது: பழைய சாக்கை நீளமாகத் தைத்து, மேலே முளையடித்துக் கட்டி, நாலு பக்கமும் ஷீட்டின்மேல் அடிவரை தொங்கவிட்டோம். பக்கத்திலேயே முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, முடிச்சுக்கு ஓரடி இடைவெளி. மோட்டார் ஷெட்டில் காற்றடைத்த டியூப் ஒன்று, கயிறோடு. சாக்கு ஒரு வருடத்தில் மக்கும், மாற்ற வேண்டும். கீரிக்கு சாக்கு, ஆளுக்குக் கயிறு, இரண்டு வேலையும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வேலி போடச் சொல்லிவிட்டு வந்தேன். போட்டாரா என்று இன்னும் கேட்கவில்லை, கேட்டால் கோபிப்பார். கேட்பேன்.

9 மார்ச் 2025

முதல் கேள்வி கேட்ட கிருஷ்ணகிரி வாசகி திரும்ப வந்திருக்கிறார். கிரில்லுக்குக் காசு ஒதுக்க முடியவில்லையாம். குட்டையை மூடியும் மூடாமலும் ஒன்று செய்திருக்கிறார்: ஷீட்டை அப்படியே விட்டுவிட்டு அடியிலிருந்து மேல் வரை கூழாங்கல் நிரப்பி, தண்ணீர் எப்போதும் கல்லுக்கு ஒரு சாண் கீழே நிற்கும்படி ஓரத்தில் துளை வைத்திருக்கிறார். கல்லுக்கு நடுவே பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரம்மி, கோரை. வண்ணத்துப்பூச்சிகள் ஈரக் கல்லில் வந்து உட்கார்கின்றனவாம், தேரை குடியிருக்கிறதாம். தவளை முட்டையிடவில்லை, அதுதான் வருத்தம் என்கிறார்.

எனக்கு இது என் கிரில்லைவிடப் பிடித்திருக்கிறது. பொறாமையாகக்கூட இருக்கிறது. முட்டைக்கு என்ன, பாப்பாவுக்கு ஐந்தாறு வயது ஆகட்டும், கல்லை வெளியே எடுத்தால் குட்டை திரும்ப வந்துவிடும். ஷீட் கிழியாமல் எடுங்கள்.

துளையைத் தானாகவே வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? எனக்கு அதற்கு ஒரு புயல் வேண்டியிருந்தது.

27 ஏப்ரல் 2025

நீச்சல் கற்றுக் கொடுத்தால் எல்லாம் தீருமே என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். நாங்கள் எல்லாம் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்தவர்கள்தான். என் சித்தப்பா குடுக்கையே இல்லாமல் தள்ளிவிடுவார், அது கற்றுக் கொடுப்பதில் சேர்த்தி இல்லை. ஆறு வயதுக்கு மேல் கட்டாயம் கற்றுக் கொடுங்கள். ஒன்றரை வயதுக்கு அது பதில் ஆகாது.

இன்னொன்று. தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். செய்யாதீர்கள். மூச்சு இல்லையென்றால் அந்த நிமிடமே வாயில் ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். தண்ணீரை வெளியே எடுக்கிறேன் என்று செலவழிக்கும் நேரம் மூச்சுக்கான நேரம். எங்களுக்கு ஒரு பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்ய வைத்தார்கள். படித்துத் தெரிந்துகொள்வதும் கையால் செய்து பார்ப்பதும் ஒன்றல்ல, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

15 ஜூன் 2025

கிரில் அளவைத் திரும்பக் கேட்டவருக்கு: மே 5இல் இருக்கிறது, மே 19 திருத்தத்தோடும் டிசம்பர் 8 திருத்தத்தோடும் சேர்த்துப் படியுங்கள். கூடவே ஒன்று, இதுவரை சொல்லாதது: ஒரே துண்டாகப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துக் கொல்லை அண்ணனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவர் கூடவே ஆட்டுக்குட்டியும் வருகிறது. இப்போது அது குட்டியும் இல்லை. இரண்டு துண்டாகப் போட்டு நடுவில் ஒரு ஆங்கிள் கொடுங்கள்.